எதிர்ப்பந்தயம்: கிறாப்ஸ் மேசையில் முறைப்பு வாங்கும் ஒரு சொல்

கிறாப்ஸ் என்பது டைஸ் எனப்படும் இரண்டு கட்டைகளை உருட்டி ஆடும் கசினோச் சூதாட்டம். அதன் மேசைத் துணியின் ஓரமாக இரண்டு பட்டைகள் ஓடும். வெளியே இருக்கும் அகலமான பட்டையில் 'பாஸ் லைன்' என்று எழுதியிருக்கும். அதை ஒட்டி உள்பக்கமாக ஒடுங்கலான இன்னொரு பட்டை. அதில் 'டோண்ட் பாஸ் பார்' என்ற எழுத்தும், ஆறும் ஆறுமாகக் கிடக்கும் இரண்டு கட்டைகளின் படமும் இருக்கும். இந்த ஒடுங்கிய பட்டையில் காசு வைப்பவரை ஆங்கிலத்தில் 'றோங் பெற்றர்' என்பார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'பிழையான பந்தயக்காரர்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த மனிதர் ஒரு பிழையும் செய்யவில்லை.

யாழ்ப்பாணத்தில் கசினோ கிடையாது. ஆனாலும் இந்தச் சொற்கள் இங்கே வந்து சேர்ந்துவிட்டன. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் சொந்தக்காரர் கதையோடு கதையாக நயாகராப் பக்கத்துக் கசினோக்களையும் இழுப்பார்கள். போனில் டைஸ் உருட்டும் பெடியளுக்கும் 'பாஸ்', 'டோண்ட் பாஸ்' எல்லாம் தெரியும். பாஸ் என்றால் சோதனையில் தேறுவது, டோண்ட் பாஸ் என்றால் ஃபெயில் என்றே பலரும் விளங்கிக்கொள்கிறார்கள். அந்த விளக்கம் முழுக்கத் தப்பும் அல்ல. சூதாடிகளின் பேச்சில் கட்டை 'பாஸ்' ஆனது என்றால் உருட்டியவர் வென்றார் என்று பொருள். டோண்ட் பாஸ் என்றால் அவர் வெல்லமாட்டார் என்று காசு வைப்பது.

ஆட்டம் இதுதான். முதல் உருட்டில் 7 அல்லது 11 விழுந்தால் உருட்டியவருக்கும் அவர் பக்கம் வைத்தவர்களுக்கும் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. மற்ற எண் எது விழுந்தாலும் அதுவே குறியெண். அதற்குப் பிறகு அந்த எண் திரும்ப விழுந்தால் வெற்றி, அதற்கு முதல் 7 விழுந்தால் தோல்வி, கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும். டோண்ட் பாஸில் வைத்தவருக்கு எல்லாம் தலைகீழ். முதல் உருட்டில் 12 விழுந்தால் மட்டும் அவருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. காசு வைத்தபடி கிடக்கும்.

அந்த 12 ஏன் என்று கேட்பவர்கள் உண்டு, நல்ல கேள்வி. பாஸ் லைனில் வைப்பவர் நீண்ட கணக்கில் 100 ரூபாய்க்கு 1 ரூபா 41 சதம் கசினோவிடம் இழக்கிறார். அதை அப்படியே தலைகீழாக்கிக் கொடுத்தால், எதிராக வைப்பவர் கசினோவிடமிருந்து அதே 1 ரூபா 41 சதத்தை எடுத்துக்கொண்டு போவார். எந்தக் கசினோவும் அதற்குச் சம்மதிக்காது. ஆகவே 12 விழும்போது அவருக்குக் கிடைக்கவேண்டிய வெற்றியை மட்டும் தடுத்துவிட்டார்கள். துணியில் இருக்கும் 'பார்' என்ற சொல் அந்தத் தடையைத்தான் சொல்கிறது. இப்போது அவர் இழப்பது 100 ரூபாய்க்கு 1 ரூபா 36 சதம். இரண்டு பக்கத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம் வெறும் 5 சதம். இந்த 5 சதத்தைச் சுற்றித்தான் மேசையில் அவ்வளவு முறைப்பும் முணுமுணுப்பும்.

இனி 'றோங்' என்ற சொல்லுக்கு வருவோம். அது ஆளைப் பழிக்கும் சொல் அல்ல. கட்டை உருட்டுபவருக்குச் சரிவரும் என்று வைப்பவர் 'றைற்', பிசகும் என்று வைப்பவர் 'றோங்'. சரிவருவதும் பிசகுவதும் கட்டைதான். ஆனால் கேட்பவருக்கு அந்த அடைமொழி ஆளில் ஒட்டிக்கொண்டது போலப் படுகிறது. இப்போது 'டார்க் சைட்', அதாவது இருட்டுப் பக்கம், என்றும் சொல்கிறார்கள். அதையும் தமிழில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரை நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கும் தொனி அதில் இருக்கிறது.

கிறாப்ஸ் என்ற பெயருக்கும் ஒரு பயணம் உண்டு. இங்கிலாந்தில் ஆடிய ஹசார்ட் என்ற பழைய கட்டை விளையாட்டில் மிகக் குறைந்த எண் விழுந்தால் அதை 'கிறாப்ஸ்', அதாவது நண்டு, என்பார்கள். ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்த அந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே இந்த ஆட்டத்தைப் பரப்பியவராகச் சொல்லப்படுபவர் பெர்னார்ட் டி மரின்யி என்ற பெரும் பணக்காரர். தன் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அதில் ஒரு தெருவுக்கே கிறாப்ஸ் தெரு என்று பெயர் வைத்தார். பிறகு அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள்.

தெருவிலும் படகிலும் ஆடிய காலத்து ஆட்டத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். அங்கே கசினோ என்ற மூன்றாம் ஆள் இல்லை. உருட்டுபவர் காசை நடுவில் வைப்பார். மற்றவர்கள் அதற்கு ஈடு வைக்கவேண்டும். ஈடு வைப்பது என்றால் அவர் தோற்பார் என்று பந்தயம் பிடிப்பதுதான். ஒருவரும் எதிராக வைக்காவிட்டால் ஆட்டமே தொடங்காது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் போர்வையை விரித்து உருட்டியபோதும் இதே முறைதான். எதிராக வைப்பவர் அங்கே ஆட்டத்தின் மற்றப் பாதி. அவரைப் பார்த்து ஆர் முறைப்பது?

கசினோ வந்து அந்த மற்றப் பாதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. உருட்டுபவர் உட்பட எல்லோரும் கசினோவுக்கு எதிராக ஒரே பக்கத்தில் நிற்கலாம் என்றாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் வின் என்ற கட்டை செய்பவர் டோண்ட் பாஸ் என்ற இடத்தை மேசையில் சேர்த்தார் என்று ஆட்டத்தின் வரலாற்றில் சொல்வார்கள். களவுக் கட்டையை ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாக ஓடவிடாமல் செய்ய அது உதவியது. இரண்டு பக்கமும் வைக்கலாம் என்றால், கட்டை பொய்யாக விழுவதைக் கண்டவர் மற்றப் பக்கம் மாறிவிடலாம் அல்லவா. நேர்மைக்காக வந்த இடம் அது. ஆனால் வழக்கத்தில் பெரும்பாலானோர் பாஸ் லைனில்தான் நிற்கிறார்கள். உருட்டுபவரின் அதிர்ஷ்டத்தில் எல்லோரும் பங்காளிகள் என்ற உணர்ச்சி அங்கே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் எதிராக வைப்பவர் ஒருவரோ இருவரோதான். அவரைக் கண்டால் கசினோவின் ஆள் மாதிரித் தெரிகிறது.

எங்கள் ஊருக்கு இதை விளங்கப்படுத்த வடக்கின் பெரும் போரை எடுக்கலாம். 1904இல் தொடங்கிய மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி கிரிக்கெட் ஆட்டம். மத்திய கல்லூரியில் படித்த ஒருவர், தன் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, பரியோவான் வெல்லும் என்று பெற் பிடித்தால் எப்படி இருக்கும்? அவர் பெற் பிடித்ததால் பந்து வேறு மாதிரித் திரும்பப் போவதில்லை. ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்கு அது சுடும். பெரும் போரில் அவர் எழும்பி மற்றப் பக்கக் கூட்டத்தோடு போய் இருந்துவிடலாம். கிறாப்ஸ் மேசையில் அதற்கும் வழியில்லை. இரண்டு பக்கமும் ஒரே விளிம்பில் தோளோடு தோள் உரசி நிற்கவேண்டும்.

ஏழு விழும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தால் முறைப்பின் காரணம் வடிவாக விளங்கும். ஒருவர் நெடுநேரமாக உருட்டிக்கொண்டிருக்கிறார். எல்லோருடைய விளிம்புத் தட்டும் காசுக்குப் பதிலான சில்லுகளால் நிரம்புகிறது. தடிக்காரர் என்ற கசினோ ஊழியர் வளைந்த தடியால் கட்டைகளைத் தள்ளிவிடுகிறார். உருட்டுபவர் ஒரு கையால் எடுத்து எறிய, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி நாலும் மூன்றுமாக விழுகிறது. ஏழு! உடனே காசைக் கையாளும் ஊழியரான டீலர் முதலில் தோற்ற காசை எல்லாம் வழித்து எடுக்கிறார். பாஸ் லைன் சுத்தமாகிறது. துணி வெறுமையாகக் கிடக்க, அதற்குப் பிறகுதான் டோண்ட் பாஸில் இருக்கும் சில்லுக்குப் பக்கத்தில் வெற்றிச் சில்லை வைக்கிறார். தங்கள் காசு போனதையும் ஒருவருக்கு மட்டும் காசு வருவதையும் எல்லோரும் அடுத்தடுத்துப் பார்க்கிறார்கள். போன காசுதான் அங்கே போய்ச் சேர்ந்தது என்று கண் சொல்கிறது. உண்மை அதுவல்ல. வழித்த காசும் கசினோவிடம் போகிறது, வென்ற காசும் கசினோவிடமிருந்து வருகிறது. அவர் அன்றைக்கு மேசைக்கே வராமல் விட்டிருந்தாலும் ஏழு விழுந்திருந்தால் மற்றவர்கள் தோற்றிருப்பார்கள்.

எனக்கு மருமகன் முறையான ஒரு தம்பி ரொறன்ரோவிலிருந்து வந்தபோது இதைத்தான் கேட்டான். "மாமா, நான் என்ர காசை எங்க வைச்சா அவைக்கு என்ன? ஏழு விழ எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்." நான் சொன்னேன்: "வை, ஆனா கத்தாதை." எதிராக வைப்பவருக்கான மேசை மரியாதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கும் என்றே இன்னும் நினைக்கிறேன். மற்றவர் தோற்கும் கணத்தில்தான் அவர் வெல்கிறார். கை தட்டுவது, சிரிப்பது, பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பது, மூன்றும் ஆகாது. சில்லை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கவேண்டும்.

ஏழு என்ற சொல்லை மேசையில் உச்சரிப்பதும் அங்கே ஆகாது. உச்சரித்தால் வந்துவிடும் என்ற நம்பிக்கை. அதற்குப் பதில் 'பிக் றெட்' என்பார்கள். இரவில் பாம்பின் பெயரைச் சொல்லப் பயந்து வேறு பெயர் சொல்லும் எங்கள் ஆக்களுக்கு இது புதுமை அல்ல. எதிராக வைப்பவருக்கோ ஏழுதான் வேண்டும். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் மற்றவர்கள் அதைச் சாபமாகவே எடுப்பார்கள். அப்புறம் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டை உருட்டுபவர் கைக்குப் போனபிறகு துணிமேல் கை நீட்டக்கூடாது. கட்டை கையில் பட்டு ஏழு விழுந்தால் மேசையே சீறும். பட்ட கை எதிராக வைத்தவருடையது என்றால் கேட்கவே வேண்டாம்.

மரியாதை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். எதிராக வைப்பவரை ஏசுவதும், 'உன்னால்தான் ஏழு விழுந்தது' என்று பழி போடுவதும் மேசை ஒழுங்குக்கு மாறானவை. மேசையில் அச்சடித்து வைத்திருக்கும் ஓர் இடத்தில் அவர் காசு வைக்கிறார். டீலர்கள் அவரை மற்றவர்களைப் போலவே நடத்துவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சூதுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கட்டைக்குக் கவறு என்ற பழஞ்சொல் திருக்குறளிலேயே இருக்கிறது. சூதாடும் இடத்தை அங்கே கழகம் என்கிறார் வள்ளுவர். இன்று பல்கலைக்கழகத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் இருக்கும் அதே சொல். 'உருளாயம்' என்று உருளும் கவற்றை வைத்தும் ஒரு சொல் அங்கே வருகிறது. ஆகவே ஆங்கிலத்தில் 'ஷூட்டர்' எனப்படுபவரை 'உருட்டுபவர்' என்பது மரபோடு பொருந்துகிறது. தாயம் ஆடும்போது நாங்களும் 'உருட்டு' என்றுதானே சொல்கிறோம். 'சுடுபவர்' என்று ஒருவரும் எழுதிவிட வேண்டாம்.

பந்தயத்துக்கு ஒட்டு, பணயம் என்ற பழைய சொற்களும் உண்டு. 'எதிரொட்டு' என்று ஆக்கலாம், ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒட்டு என்றால் பசையும் மாமரமும்தான் ஞாபகம் வரும். 'தோல்விப் பந்தயம்' என்றால் வைத்தவரே தோற்றுவிட்டார் போலப் படுகிறது. எனக்குப் பிடித்தது 'எதிர்ப்பந்தயம்'. யாருக்கு எதிர் என்ற கேள்விக்கு உருட்டுபவரின் முடிவுக்கு எதிர் என்று நேராகப் பதில் சொல்கிறது, ஆளைப் பழிக்கவில்லை. வைப்பவர் 'எதிர்ப்பந்தயக்காரர்', பாஸ் லைன் 'உருட்டுபவர் பக்கம்', டோண்ட் பாஸ் 'எதிர்ப்பக்கம்'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'குறியெண் நாலு என்றதும் எதிர்ப்பந்தயக்காரருக்கு வாய்ப்புக் கூடியது.' கணக்கும் அப்படித்தான். நாலு விழ 36இல் 3 வழி, ஏழு விழ 6 வழி.

ஒரு சொல் இன்னும் மிச்சம் இருக்கிறது. உருட்டுபவரே எதிர்ப்பக்கத்தில் காசு வைக்கலாம். இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றில் அவர் வைத்துத்தான் உருட்டவேண்டும், எது என்பது அவர் விருப்பம். தன் கட்டை பிசகும் என்று தானே காசு வைத்து உருட்டுவதற்குத் 'தன்னெதிர்ப் பந்தயம்' என்று பெயர் வைக்கலாம். மேசையில் மிக அதிகமாக முறைப்பு வாங்குவது இதுதான், ஏனென்றால் மற்றவர்கள் நம்பி நிற்கும் கையே எதிர்ப்பக்கம் நிற்கிறது. அப்படி உருட்ட மனம் இல்லாத எதிர்ப்பந்தயக்காரர்கள் தங்கள் முறை வரும்போது கட்டையை எடுக்காமல் அடுத்தவருக்கு விட்டுவிடுவார்கள். ஏன் எடுக்கவில்லை என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.