உடும்பின் தொண்டைக்குள் ஒரு பம்ப்

சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கம் காலையில் தனியாகச் சைக்கிள் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாலையோரம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் உடும்பு என்னைக் கண்டதும் எழுந்து கால்வாயை நோக்கி ஓடுகிறது. ஓட ஓடத் தொண்டை உப்பி உப்பி அடங்குகிறது. என்மேல் அவ்வளவு கோபமா?"

கோபம் இல்லை. கோபம் வந்த உடும்பு ஓடாது. நின்ற இடத்திலேயே உடலைத் தூக்கி, கழுத்தைப் புடைத்துச் சீறும். நெருங்கினால் வாலால் விளாசும். ஓடிக்கொண்டே தொண்டையை உப்ப வைப்பது மூச்சுக்காக. விலங்கியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

கிராஞ்சி அணைக்கட்டு, சுங்கை பூலோ, நியோ தியூ சாலை என்று அந்த வட்டாரம் முழுக்க நாம் பார்ப்பது பெரும்பாலும் நீர் உடும்பு. 2 மீட்டரைத் தாண்டி வளர்பவையும் உண்டு. உடற்சூட்டை வெளியிலிருந்துதான் பெற வேண்டும் என்பதால் காலை வெயிலில் தார்ச்சாலைக்கு வருகிறது. கூட்டமாகப் போனால் பேச்சுச் சத்தத்திலேயே நழுவிவிடும். தனியாகப் போகிறவருக்குத்தான் அது ஓடுவதைப் பக்கத்தில் பார்க்க வாய்க்கும்.

இனி மூச்சுக்கு வருவோம். மேட்டில் சைக்கிளை மிதிக்கும்போது உங்கள் தொடைத் தசைகள் ஒரு வேலையையும், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் இன்னொரு வேலையையும் பார்க்கின்றன. ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை. பல்லியினத்துக்கு நம்முடையதுபோன்ற உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகளை விரித்துத்தான் அது காற்றை உறிஞ்ச வேண்டும். ஆனால் அது ஓடுவதோ உடலை இடமும் வலமும் நெளித்து. இடப்பக்கம் வளையும்போது இட நுரையீரல் நசுங்கி, வல நுரையீரல் விரியும். அடுத்த எட்டில் நேர்மாறு. காற்று வெளியே போய்த் திரும்புவதற்குப் பதிலாக இரண்டு நுரையீரல்களுக்கும் இடையிலேயே அலைந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, உடலை வளைக்கும் விலாத் தசைகளேதான் மூச்சும் இழுத்தாக வேண்டும். 1987இல் டேவிட் கேரியர் என்ற ஆய்வாளர் இந்தச் சிக்கலை விரிவாக எழுதினார். வேகமாக ஓடும் பல்லி சரியாக மூச்சுவிட முடியாது என்பது அவருடைய வாதம். இகுவானா என்ற பெரிய பல்லி கொஞ்சம் ஓடி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஓடுவதை அது விளக்கியது.

உடும்பு மட்டும் இதற்குள் அடங்கவில்லை. அது நிற்காமல் ஓடியது. அப்படியானால் கேரியர் சொன்னது தவறா?

1999இல் விடை வந்தது. ஆய்வாளர்கள் சிலர் ஆப்பிரிக்க சவானா உடும்பை டிரெட்மில்லில் ஓடவிட்டு, எக்ஸ்ரே வீடியோவில் அதன் தொண்டையைக் கவனித்தார்கள். நாக்கின் அடியில் இருக்கும் நாவடி எலும்பு கீழே இறங்குகிறது. தொண்டை பை போல அகல, மூக்குத் துளை வழியே காற்று உள்ளே வந்து நிறைகிறது. பிறகு காற்று திரும்பிப் போகும் வழி அடைபடுகிறது. நாவடி எலும்பு மேலே எழும்புகிறது. நெருக்கப்பட்ட காற்றுக்கு நுரையீரலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் கைப் பம்ப்பும் இதையேதான் செய்கிறது. விலா உறிஞ்ச முடியாமல் விட்ட குறையைத் தொண்டை தள்ளி நிரப்பிவிடுகிறது.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் எனக்கு உயிர். உடும்பு வாயை மூட முடியாதபடி லேசாகத் திறந்து நிறுத்திவைத்து ஓடவிட்டார்கள். வாய் மூடாவிட்டால் பம்ப் வேலை செய்யாது. அப்போது உடும்பும் மற்றப் பல்லிகளைப் போலவே மூச்சுக்குத் திணறியது. ஆக, கேரியர் சொன்ன தடை உடும்பின் உடம்பிலும் இருக்கிறது. தொண்டை அதை மறைத்துவிடுகிறது! வாயைத் திறந்து வைப்பது என்ற எளிய வேலையில் ஒரு பெரிய சர்ச்சை தெளிவானது. தவளைகள் அன்றாடம் மூச்சுவிடுவதும் தொண்டையால் தள்ளித்தான்.

நுரையீரலுக்குள் போன காற்றுக்கும் ஒரு கதை உண்டு. நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்பும். பறவைகளின் நுரையீரலில் அது ஒரே திசையில் ஓடும். முதலையிலும் அப்படித்தான் என்று 2010இலும், சவானா உடும்பிலும் அப்படி நடக்கிறது என்று 2013இலும் கண்டார்கள். சுங்கை பூலோவில் கொக்கு, உவர்நீர் முதலை, உடும்பு மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

உடும்பை டிரெட்மில்லில் ஓடவிட நிதி வேண்டும் என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நுரையீரல் எத்தனை விதமாக வேலை செய்ய முடியும் என்று தெரிந்துகொள்வதே பெரிய பயன் என்பேன். அதற்குச் செலவிடத் தயங்கும் சமூகத்தில்தான் உடும்பு எண்ணெய் மூட்டுவலிக்கு, உடும்புக்கறி உடல் வலுவுக்கு என்று பணம் புரள்கிறது. இந்தியாவில் 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், அதிர்ஷ்டம் தரும் அபூர்வ வேர் என்று சொல்லி விற்கப்படுவது வேரே அல்ல. ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பை அறுத்துக் காயவைத்தது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். ஊரிலிருந்து வரும்போது பூஜைச் சாமானோடு யாராவது அதைத் தந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு யோசனை. உடும்பு கண்ணில் பட்டதும் மணி அடிக்காமல், தூரத்திலேயே காலை ஊன்றி நில்லுங்கள். அது சாலையைக் குறுக்கே கடக்கும்போது தொண்டையைப் பக்கவாட்டில் பார்க்கலாம். உப்பும்போது மணி மணியான செதில்கள் விலகி, இடையில் இருக்கும் தோல் தெரியும். கூடவே மூக்குத் துளையையும் பாருங்கள். முகத்தின் நுனியில் வட்டமாக இருந்தால் நீர் உடும்பு. கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் கீறல் போல இருந்தால், அது சிங்கப்பூரின் இன்னொரு உடும்பு வகை; அதை நீர்க்கரையைவிட மரங்கள் அடர்ந்த இடங்களில் தேடலாம்.