குடோன்: தமிழில் என்ன சொல்லலாம்?

சென்னை பாரிமுனையில் துணி மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போனது கோடவுன் தெரு. 'மால் குடோன்ல இருக்கு' என்று அங்கே கடைக்காரர் சொன்னால், ஆளனுப்பி எடுத்துவர வேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்று அர்த்தம். விற்கும்வரை சரக்கை இறக்கி அடுக்கிவைக்கும் இடம் குடோன்.

பலரும் இதை ஆங்கிலச் சொல் என்றே நினைக்கிறார்கள். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக யூலும் பர்னெலும் தொகுத்து, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி வேறு வழி காட்டுகிறது. கீழைக்கடல் துறைமுகங்களில் வழங்கிய மலாய்ச் சொல்லிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மலாய்ச் சொல்லின் தோற்றுவாய் தென்னிந்தியாவில், தெலுங்கு 'கிட்டங்கி', தமிழ் 'கிடங்கு' ஆகியவற்றில் இருப்பதாகத் தெரிகிறது என்கிறது அது. சோழமண்டலக் கரைக்கும் மலாய் நாட்டுக்கும் இருந்த நெடுங்காலக் கடல் வணிகத்தை நினைத்தால் எனக்கு இது முழுக்கப் பொருந்துகிறது.

'கிட' என்பதே வேர். ஆடுகள் இரவில் கிடக்கும் இடம் கிடை. சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. பழைய இலக்கியத்தில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுடைய 'கிடங்கில்' என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. பள்ளத்துக்கும் பண்டம் வைக்கும் இடத்துக்கும் ஒரே சொல் வழங்கியிருக்கிறது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வழக்கிலும் 'கிட்டங்கி' உண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு தரையில் அமர்ந்து தொழில் செய்தார்கள், தங்கலும் அங்கேயே. அதனால் அந்த ஊரில் கிட்டங்கி என்பது சரக்கறையைவிடத் தொழிற்கூடத்தையே குறித்தது.

பண்டகசாலையும் நல்ல சொல்தான், ஆனால் கூட்டுறவுப் பண்டகசாலை என்று கேட்டுப் பழகியதால் கடை என்ற எண்ணமே முதலில் வருகிறது. களஞ்சியம் தானியத்துக்கு உரியது. பொதுவாகச் சரக்கு வைக்கும் இடத்துக்குக் கிடங்குதான் சரி. 1958இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனத்தின் பெயரே தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம். குளிர்பதனக் கிடங்கு என்று செய்தித்தாள்கள் தயங்காமல் எழுதுகின்றன. மாதவரத்திலும் செங்குன்றத்திலும் 'குடோன் வாடகைக்கு' என்று பலகை வைப்பவர்கள் 'கிடங்கு வாடகைக்கு' என்று எழுதினால் லாரி ஓட்டுநருக்கும் புரியும், லோடுமேனுக்கும் புரியும்.