படிக்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள்

போன மாதம் எங்கள் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு, அதாவது நிரல் வரிகள் (கோடு) எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு, 1,400 வரியில் ஒரு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) வந்தது. பத்தே நிமிடத்தில் மூன்று பேர் 'எல்ஜிடிஎம்' ('எனக்குச் சரியாகப் படுகிறது') போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். மெர்ஜ் செய்து திட்டத்தில் சேர்க்கும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று, எல்லோரும் சேர்ந்து கோடைப் படித்துப் பார்க்கும் சனிக்கிழமை கூட்டு ரிவியூவில் வைத்தோம். முதல்முறை வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்தவர், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பில்) நின்றார். "அண்ணா, ஃபோல்டர் பேர் வச்சிருக்கிற இந்த வேரியபிள் காலியா இருந்தா?"

காலியாக இருந்தால் அழிக்கும் கட்டளையில் மிஞ்சுவது ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும்தான், அதாவது 'மேல்மட்டத்திலிருந்து எல்லாவற்றையும்'. பயனரின் கணினியில் அழிக்க அனுமதி உள்ள அத்தனையும் போயிருக்கும். இந்த வருடத்தில் இப்படி நடப்பது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

"கோடு வெளியில்தானே இருக்கு, நாலு பேர் பார்ப்பாங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோடு திறந்திருக்கிறது என்றால் யாரும் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்த்துவிட்டார்கள் என்று ஆகாது. அந்த மூன்று பேரும் மற்ற இருவர் படித்திருப்பார்கள் என்று நம்பித்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். கேட்டபோது அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வந்த, நினைவகத் தகவலைக் கசியவிட்ட ஹார்ட்ப்ளீட் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கோடுக்குள் நுழைந்தது 2011 டிசம்பர் 31 அன்று. உலகத்துக்குத் தெரிந்தது 2014 ஏப்ரலில். எதிர்முனை சொல்லும் நீளம் உண்மையா என்று பார்க்கும் ஒரு சோதனை அங்கே இல்லை. ரிவியூ நடந்தும் அது தப்பியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் வேண்டுமென்றே ஒளித்துவைத்த பின்கதவு 2024 மார்ச்சில் சிக்கியது கூட ரிவியூவில் இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டிப் பார்த்ததால் சிக்கியது. அதை உசுப்பும் ஒரு துண்டு, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலேயே இல்லை, வெளியீட்டு டார்பாலில் (வெளியிடும் கோப்புப் பொதியில்) மட்டும் இருந்தது. ஆக, வெளியிடும் பொதியையும் கிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் கூட்டு ரிவியூவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு பேட்ச்தான் (ஒரு மாற்றத் தொகுப்பு). எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வேறொருவர் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதியவர் விளக்க ஆரம்பித்தால் எல்லோரும் அவர் மனதில் இருப்பதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், திரையில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள். வாசிப்பவர் எங்கே திணறுகிறாரோ அங்கே ஒன்று பிழை இருக்கும், இல்லையென்றால் விளக்கம் விடுபட்டிருக்கும். அதனால் வாசிக்கும் வேலையைப் புதியவர்களுக்குத்தான் கொடுக்கிறோம்.

பேட்ச் 300 வரிக்கு மேல் போனால் பிரித்து அனுப்புங்கள். இடைவெளி, வரி ஒழுங்கு பற்றியெல்லாம் பேசாதீர்கள், அதைக் கருவி பார்த்துக்கொள்ளும். உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டவில்லையா, "படித்தேன், ஓட்டவில்லை" என்று எழுதுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ரிவியூ செய்தவருக்கு ஒரு குறிப்பு, சோதித்தவருக்கு வேறு குறிப்பு என்று பிரித்துத்தான் போடுகிறார்கள்.

திட்டங்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களிடம் ஒரு வேண்டுகோள். "எனக்குப் புரியவில்லை" என்று புதியவர் எழுதினால் அதையும் ரிவியூவாக ஏற்றுக்கொள்ளுங்கள், தயவுசெய்து விரட்டாதீர்கள். அந்த மாணவி தன் கேள்வியைக் கேட்பதற்குள் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் புல் ரெக்வெஸ்ட் இப்போது ஐந்து சிறு பேட்ச்களாகத் திரும்ப வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை முதலாவதை எடுக்கிறோம், அவரே வாசிக்கிறார்.