பெருங்குடல் புற்றுநோயும் குடல் சுரக்கும் குட்டிப் பெப்டைடுகளும்

பெருங்குடலுக்குள் லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் நம் உடலின் உட்பகுதிக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் சளிப்படலமும் ஒரே ஒரு அடுக்குச் செல்களும்தான். அந்தச் செல்கள் சும்மா நிற்பதில்லை, நுண்ணுயிரைக் கொல்லும் பெப்டைடுகளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. புரதம் மாதிரிதான், ஆனால் ரொம்பச் சிறியது, பெரும்பாலும் 10 முதல் 50 அமினோ அமிலங்கள்தான் இருக்கும்.

இவை கொல்லும் விதம்தான் அழகு. பெப்டைடுக்கு நேர்மின்சுமை, பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்சுமை, அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன; அப்புறம் பெப்டைடின் கொழுப்பை விரும்பும் பக்கம் சவ்வுக்குள் நுழைந்து ஓட்டை போட, உள்ளிருப்பது கசிந்து பாக்டீரியா செத்துப்போகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த எதிர்மின்சுமை அவ்வளவாக இல்லாததால் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன.

புற்றுநோய் செல்லில் நிலைமை வேறு. பாஸ்படிடைல்செரின் என்ற கொழுப்பு வழக்கமாகச் சவ்வின் உட்பக்கம்தான் இருக்கும், புற்றுநோய் செல்லில் அது வெளிப்பக்கம் வந்துவிடுகிறது, அதற்கு எதிர்மின்சுமை உண்டு. பாக்டீரியாவைக் குறிவைக்கும் பெப்டைடு இங்கேயும் போய் ஒட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மனித உடலின் இத்தகைய பெப்டைடுகளில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று எல்எல்-37. 37 அமினோ அமிலங்கள் கொண்டது. ஆரோக்கியமான பெருங்குடலில் இருக்கும் இது, அங்கே வரும் புற்றுக்கட்டிகள் பலவற்றில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் பெருங்குடல் புற்றுநோய் செல்கள்மீது இதைச் சேர்த்தால் அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. ஆனால் சினைப்பை, மார்பகம், நுரையீரல் புற்றுநோய்களில் இதே எல்எல்-37 கட்டி வளர உதவுவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன! காயம் ஆறச் செல்களைப் பெருகவைப்பதும் புது ரத்தக்குழாய்களைத் தூண்டுவதும் இதன் வேலை என்பதால், கட்டி அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. ஆகவே இந்தப் பெப்டைடு நல்லது, அது கெட்டது என்று ஒரே வரியில் பிரிப்பது தவறு, எந்த உறுப்பில் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

டிபென்சின்கள் இன்னொரு குடும்பம். நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களில் நிறைந்திருக்கும் ஆல்பா டிபென்சின்கள் பெருங்குடல் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுகின்றன, ஆனால் அதை வைத்து அவைதான் நோயை உண்டாக்கின என்று சொல்லிவிட முடியாது.

பாக்டீரியா பக்கமும் பார்க்கவேண்டும். ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற வாய்ப் பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளில் அதிகமாக இருப்பது 2012இல் தெரியவந்தது. தன் ஃபேட்-ஏ புரதத்தால் குடல் செல்லைப் பற்றிக்கொண்டு, பெருகச் சொல்லும் பீட்டா-கேட்டனின் சமிக்ஞையை அது முடுக்கிவிடுகிறது. இப்படிப்பட்டவை குடலில் வேரூன்றாமல் தடுப்பதில் பெப்டைடுகளுக்கும் பங்கு உண்டு, எனவே சுரப்பு குறைவது சின்ன விஷயம் இல்லை. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட், குடல் செல்களில் எல்எல்-37 சுரப்பைக் கூட்டுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

சரி, இந்தப் பெப்டைடுகளையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே? உடலின் நொதிகள் பெப்டைடைச் சீக்கிரமே வெட்டிப்போடும், அளவு கூடினால் சிவப்பணுக்களும் உடையும். அதனால்தான் இயற்கை அமினோ அமிலங்களுக்குப் பதிலாக அவற்றின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களை வைத்துப் பெப்டைடு கட்டிப் பார்க்கிறார்கள், நம் நொதிகளால் அவற்றை எளிதில் வெட்ட முடிவதில்லை.