திறந்த படிக்கட்டின் மரப்பலகை: வளைவும் வீக்கமும்

வழக்கமான மரப் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பலகைகள் உண்டு. கால் வைப்பதற்காகப் படுத்திருக்கும் மிதிபலகை ஒன்று, அதை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் பலகை மற்றொன்று. நிற்கும் பலகை வெறும் மறைப்புக்காகத்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. 270 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிமனும் கொண்ட பலகையைப் படுக்க வைக்கிறோம்; அதே 20 மி.மீ. தடிமனில், 150 மி.மீ. உயரத்துக்கு இன்னொன்றை நிறுத்துகிறோம். இரண்டாவதில் மரம் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் வளையாமல் நிற்பதில் அது முதலாவதைவிட 30 மடங்கு விறைப்பானது. இரண்டையும் பசை வைத்துச் சேர்த்துவிட்டால், நிற்பது தூக்கிப்பிடிக்க, படுத்திருப்பது காலுக்கு இடம் கொடுத்தால் போதும்.

திறந்த படிக்கட்டு அழகானது. வெளிச்சம் ஊடுருவுகிறது, சிறிய கூடம்கூடப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த அழகுக்காக நாம் கழற்றி எடுப்பது இந்த நிற்கும் பலகையைத்தான். அது செய்த வேலை முழுவதும் மிதிபலகையின் தலையில் விழுகிறது. எந்த மரம், எவ்வளவு தடிமன், எங்கே திருகாணி என்ற கேள்விகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தடிமனை முதலில் பார்ப்போம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட பலகையின் நடுவில் பாரம் ஏறினால், வளைவு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக இருக்கும். தடிமனை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். 900 மி.மீ. நீளமும் 270 மி.மீ. அகலமும் உள்ள வன்மரப் பலகை ஒன்றின் நடுவில் 100 கிலோ எடையுள்ளவர் நிற்கிறார் என்று கொள்வோம். மரத்தின் மீள்தன்மை எண்ணை (பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) 10 ஜிகாபாஸ்கல் என வைத்தால், 20 மி.மீ. பலகை சுமார் 8 மி.மீ. தாழும், 30 மி.மீ. பலகை 2.5 மி.மீ.; 40 மி.மீ. பலகை வெறும் 1 மி.மீ. இது பாரத்தை முழு அகலமும் பகிர்ந்துகொள்ளும் என்ற எளிய கணக்கு. உண்மையில் கால் பெரும்பாலும் முன்விளிம்பில்தான் விழுகிறது. இறங்கும்போது உடல் எடையைவிடக் கூடுதலான விசையும் விழுகிறது. ஆகவே நிஜ வளைவு இதைவிட அதிகம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 20 மி.மீ. பலகைகூட உடையப் போவதில்லை. மேலே சொன்ன பாரத்தில் அதன் அடிப்பரப்பில் ஏற்படும் இழுவிசை சுமார் 12 மெகாபாஸ்கல். கணு இல்லாத தேக்கின் வளைவு வலிமை இதைப்போலப் பல மடங்கு. ஆனால் மனிதர்கள் உடைவதற்குள் பயந்துவிடுகிறார்கள். காலுக்கடியில் சில மில்லிமீட்டர் அமுங்கும் படியை யாரும் நம்புவதில்லை. தாழ்ந்து எழும் பலகை தன் திருகாணிகளையும் நாளடைவில் தளர்த்துகிறது. திறந்த படிக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது "தாங்குமா?" என்று மட்டும் கேட்பது போதாது, "வளையாமல் இருக்குமா?" என்பதே முதல் கேள்வி.

நீளமும் மூன்றாம் அடுக்காகவே வேலை செய்கிறது. படிக்கட்டின் அகலத்தை 900-இலிருந்து 1,200 மி.மீ. ஆக்கினால் வளைவு 2.4 மடங்காகும். 900 மி.மீ. நீளத்தில் 30 மி.மீ. பலகை எவ்வளவு வளையுமோ, 1,200 மி.மீ. நீளத்தில் 40 மி.மீ. பலகையும் அவ்வளவே வளையும். சுவரிலிருந்து ஒற்றைப் பக்கமாக நீட்டி நிற்கும் படிகளோ வேறு வகை. ஒரு முனையில் மட்டும் பிடித்து, மறுமுனையில் பாரம் வைத்தால் வளைவு 16 மடங்கு. மேலே 1 மி.மீ. வளைந்த அதே 40 மி.மீ. பலகை இங்கே 17 மி.மீ. தொங்கும். படங்களில் காற்றில் மிதப்பதுபோலத் தெரியும் மரப்படிகளின் உள்ளே பெரும்பாலும் எஃகுச் சட்டம் ஒளிந்திருப்பது இதனால்தான். அங்கே மரம் உடுத்தியிருக்கும் உடை மட்டுமே.

அடுத்தது இடைவெளி. பல நாடுகளின் கட்டட விதிகள், குழந்தைகள் நுழைந்து விழாமல் இருப்பதற்காக, படிகளுக்கிடையே 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை புகக்கூடாது என்கின்றன. படியின் உயரம் 175 மி.மீ., பலகை 40 மி.மீ. என்றால் மிச்சம் 135 மி.மீ. வாய் திறந்து நிற்கிறது. பலகையின் தடிமனால் மட்டுமே இதை அடைக்க நினைத்தால் 75 மி.மீ. வேண்டும், செலவும் எடையும் கட்டுப்படியாகாது. குறுக்கே ஒரு கம்பி ஓட்டுவது ஒரு வழி. எனக்குப் பிடித்த வழி வேறு. 30 மி.மீ. பலகையின் பின்விளிம்புக்குக் கீழே, 25 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. உயரமும் உள்ள ஒரு சட்டத்தைப் பசையிட்டு ஒட்டினால் இடைவெளி 95 மி.மீ. ஆகிவிடும். கூடவே, பசை முழுநீளமும் பிடித்திருந்தால், பலகையின் விறைப்பு கணக்குப்படி நான்கு மடங்குக்கும் மேல் உயர்கிறது. 40 மி.மீ. பலகையைவிட இது விறைப்பானது, பிடிக்கும் மரமும் குறைவு. நாம் கழற்றி எறிந்த நிற்கும் பலகையின் ஒரு துண்டு, தெரியாத இடத்தில் திரும்பி வந்துவிட்டது. பின்விளிம்பு அளவுக்கு முன்விளிம்பு இதனால் பலன் பெறாது என்பதால் பலகையை மேலும் மெலிதாக்கும் ஆசை வேண்டாம்.

வளைவைச் சமாளித்துவிடலாம், அது எண்களுக்குக் கட்டுப்படும். மரத்தின் ஈரம்தான் ஆண்டு முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கும் எதிராளி. மரத்தின் உயிரணுச் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் கிடக்கின்றன. காற்றிலுள்ள ஈரம் சுவருக்குள் புகும்போது நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. இழைகள் நீளாது, விலக மட்டுமே செய்யும். ஆகவே பலகை நீளத்தில் ஏறக்குறைய மாறாமல், அகலத்திலும் தடிமனிலும் மட்டும் வீங்குகிறது, சுருங்குகிறது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்தை எட்டும்போது சுவர்கள் நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் நீர் உயிரணுக்களின் உள்வெளியில் தங்குமே தவிர, மரத்தை வீக்காது.

அகலத்திலும் ஒரே அளவாக நடப்பதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்கும் அளவு, வளையத்துக்குக் குறுக்கான திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது தேக்கு வளையத்தையொட்டி சுமார் 5.8 சதவீதமும், குறுக்கே சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. வெள்ளை ஓக்குக்கு இவை சுமார் 10.5, 5.6. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே வீட்டுக்குள் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், 280 மி.மீ. அகலமுள்ள ஓக் பலகை, வளையங்கள் அகலவாக்கில் படுத்திருக்கும்படி அறுக்கப்பட்டிருந்தால், கிட்டத்தட்ட 4 மி.மீ. அசையும். அதே வெட்டில் தேக்கு 2 மி.மீ.; வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த தேக்கு 1 மி.மீ.-க்கும் குறைவு. தேக்குக்கு இருக்கும் மரியாதை அதன் நிறத்தால் மட்டும் வந்ததல்ல.

இந்த அசைவை யாராலும் நிறுத்த முடியாது, வழிவிடத்தான் முடியும். பலகையைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று திருகாணிகளை வட்டத் துளைகளில் இறுக்கிவிட்டால், கோடையில் பலகை சுருங்கப் பார்க்கும், இரும்பு விடாது. இழைகளுக்குக் குறுக்கே இழுக்கப்படும்போது மரம் மிகப் பலவீனமானது. நடுவே நீளவாக்கில் பிளந்துகொள்ளும். ஆகவே ஒரு வரிசையை மட்டும் இறுக்கி, மற்றதை நீள்துளையில் வாஷர் வைத்துப் பொருத்த வேண்டும். நீள்துளை பலகையின் அகலத் திசையில் இருக்க வேண்டும். திசை மாறினால் துளை இருந்தும் பயனில்லை. நான் முன்வரிசையைத்தான் இறுக்கச் சொல்வேன். அப்போது எல்லாப் படிகளின் மூக்கும் ஒரே கோட்டில் நிற்கும், அசைவெல்லாம் யார் கண்ணிலும் படாத பின்பக்கம் போய்விடும். பக்கச் சட்டத்தில் பள்ளம் எடுத்துப் பலகையைச் செருகும் முறையிலும் இதே நியாயம்தான்.

வீக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு: குழிவது. படுக்கையாக அறுத்த பலகையின் இரு முகங்களில், மரப்பட்டையை நோக்கியிருந்த முகம் உலரும்போது அதிகம் சுருங்கிக் குழிந்துவிடும். எந்த முகத்தை மேலே வைப்பது என்பதில் தச்சர்களுக்குள் முடிவில்லாத விவாதம் உண்டு. அந்த விவாதமே தேவைப்படாத பலகையை வாங்குவது மேல்: வளையங்கள் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பலகை, அல்லது குறுகிய பட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்தது. பட்டைகளாகச் செய்ததில் ஒவ்வொன்றும் தன் சின்னக் குழியோடு நின்றுவிடும். மொத்தப் பலகை ஏறக்குறையச் சமமாக இருக்கும். "ஒட்டு மரம்" என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். இழைத்த நாளிலேயே ஒட்டிவிட வேண்டும் என்பது மட்டும் தேக்கில் முக்கியம்: அதன் இயற்கை எண்ணெய் பரப்புக்கு வந்து பசையைப் பிடிக்கவிடாது. புதிதாக இழைத்த பரப்பை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுவது வழக்கம்.

நல்ல பலகையையும் கெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசிவிட்டு, அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவது. பூசாத பக்கம் ஈரத்தை வேகமாக வாங்கி வேகமாக விடும், பூசிய பக்கம் மெதுவாக. இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் வீங்கினால் பலகை வளையாமல் என்ன செய்யும்? மேலும், திறந்த படிக்கட்டில் அடிப்பக்கத்தைக் கீழே நிற்பவர் எல்லாருமே பார்க்கிறார்கள். ஆறு முகங்களிலும் பூச வேண்டும். வெட்டுமுனைகளில் கூடுதல் பூச்சு வேண்டும். நீர் கடத்தும் குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பூசுவதற்கு முன், பலகைகள் பொருத்தப்படும் அறையிலேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஈரமானியில் எண் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும்.

கடினத்தன்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். யாங்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டை அதன் பாதி வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை தேவை என்று அளப்பார்கள். விட்டம் இப்படி விசித்திரமாக இருப்பதற்குக் காரணம், பதியும் வட்டத்தின் பரப்பு சரியாக 1 சதுர செ.மீ. வரவேண்டும் என்பதே. இதில் வெள்ளை ஓக் சுமார் 6 கிலோநியூட்டன், தேக்கு 4.7, மென்மையான பைன் வகைகள் 2-க்கும் கீழே. குதிகால் உயர்ந்த செருப்புக்கும் கீழே விழும் சாவிக்கும் இந்த எண் முக்கியம். வளைவுக்கு அல்ல.

பொருத்துவதில் பெரும்பாலும் சறுக்கும் இடம், பலகை வருவதற்கு முன்பே பிராக்கெட்டுகளைப் பற்றவைத்துவிடுவது. பிராக்கெட்டின் மேல்பரப்பு, முடிந்த படியின் உயரத்திலிருந்து பலகைத் தடிமன் அளவு கீழே இருக்க வேண்டும். 40 மி.மீ. பலகைக்கு என்று பற்றவைத்துவிட்டு, விலை பார்த்து 30 மி.மீ. வாங்கினால் எல்லாப் படியும் 10 மி.மீ. இறங்கும். நடுவில் உள்ள படிகளுக்குள் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் படி 10 மி.மீ. குட்டையாகவும், மேல்தளத்துக்கு ஏறும் கடைசிப் படி 10 மி.மீ. உயரமாகவும் ஆகிவிடும். இரண்டு மூன்று படி ஏறியவுடன் நம் கால் உயரத்தைப் பழகிக்கொண்டு, அதன்பின் பாதத்தைத் தேவையான அளவுக்கு மட்டுமே தூக்குகிறது. அந்தக் கடைசிப் பத்து மில்லிமீட்டரில்தான் விரல் இடறும். தரையில் பின்னால் ஓடு பதிப்பதாக இருந்தால் அதன் தடிமனையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓக் போன்ற, டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரத்தில் சாதாரண இரும்புத் திருகாணி ஈரத்தோடு சேர்ந்தால் கருநீலக் கறை படியும். அது மையேதான், உப்புத்தாளுக்கு எளிதில் போகாது. அங்கே துருப்பிடிக்காத எஃகு வேண்டும். பலகைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் அல்லது கம்பளித் துண்டு வைத்தால் கிரீச்சொலி நிற்கும். அந்த ஒலி, இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பிடித்துப் பிடித்து நழுவுவதால் வருவது. முன்விளிம்பைக் கூராக விடாமல் 3 மி.மீ. அளவாவது உருட்ட வேண்டும். கூர்முனையில் பூச்சு நிற்காது. பளபளப்பு வார்னிஷ் வேண்டாம்; இறங்கும்போது வழுக்கும் இடமும் அந்த முன்விளிம்புதான். அங்கே இரண்டு மூன்று மெல்லிய காடிகளோ சொரசொரப்பான பட்டையோ வேண்டும்; நிறம் வேறுபட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

பலகையை ஊடுருவும் போல்ட்டால் கட்டியிருந்தால், முதல் கோடை முடிந்ததும் ஒருமுறை ஸ்பானரை எடுக்க வேண்டியிருக்கும். தடிமனும் சுருங்குகிறது அல்லவா? 40 மி.மீ. பலகையில் அது கால் மில்லிமீட்டர் சொச்சம்தான், ஆனால் போல்ட்டின் பிடி முழுவதையும் தளர்த்த அது போதும். இறுக்கும்போது அகலமான வாஷர் மரத்தில் பதியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்; அதற்குமேல் திருகினால் நசுங்கும் நார்கள் அடுத்த மழைக்காலத்தில் முழுதாக மீண்டு வருவதில்லை.