50 லட்சம் கிடைக்க முதல் படி நோயை உறுதிசெய்யும் சோதனை: அரிய நோய்த் திட்டம் பற்றி

குழந்தைக்கு வயிறு பெருத்துக்கொண்டே போகிறது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ரத்தசோகை மாறவே இல்லை. காரைக்குடியிலும் மதுரையிலும் காட்டியாகிவிட்டது. “ஜெனடிக் டெஸ்ட் எடுத்துப் பாருங்க” என்கிறார் டாக்டர். உடனே நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டாம்.

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 முதல் நடப்பில் உள்ளது. காஷே (Gaucher, மண்ணீரலை வீங்கவைத்து ரத்தசோகை தரும் பரம்பரை நோய்), பாம்பே (Pompe, தசைகளைப் பலவீனமாக்கும் நோய்), எஸ்.எம்.ஏ. (தண்டுவட நரம்புகள் பழுதாகித் தசைகள் சுருங்கும் நோய்) போன்ற பட்டியலிட்ட நோய்களுக்கு ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. பணம் நம் கைக்கு வராது, சிகிச்சை தரும் சிறப்பு மையத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் அந்த மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறினால் எழும்பூர் சேர மதியமாகிவிடும், ஓ.பி. முடிந்திருக்கும். முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது.

நோய் இன்னதென்று உறுதியானால்தான் கோப்பு நகரும். காஷே என்று சந்தேகம் வந்தால் முதலில் ரத்தத்தில் என்சைம் (உடலின் வேதிவினைகளை நடத்தும் புரதம்) அளவைப் பார்ப்பார்கள், பிறகு மரபணுவை. தனியாரிடம் பெரிய பேக்கேஜாக எடுத்துவிட்டுப் போவதைவிட, எந்தச் சோதனை வேண்டும் என்று மையத்தில் கேட்டபின் எடுப்பதே புத்திசாலித்தனம். ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று ரிப்போர்ட் வந்தால் அது நோய் உறுதியானதாகவும் ஆகாது, நோய் இல்லை என்பதாகவும் ஆகாது. பெற்றோரின் ரத்தத்தையும் சோதித்தால் சில சமயம் தெளிவு பிறக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 50 லட்சம் ஆண்டுக்கு ஆண்டு கிடைப்பதல்ல, மொத்த வரம்பே அவ்வளவுதான். காஷேக்கான என்சைம் மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடைக்கு ஏற்ற அளவில் ஏற்றுவார்கள். பிள்ளை வளர வளரச் செலவும் ஏறும். வாழ்நாள் நோய்க்கு இப்படி ஒரு வரம்பு வைத்தது நியாயமாகப் படவில்லை.

நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சகஜம். “எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் இல்லையே” என்று அப்பத்தா சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். தாய், தந்தை இருவரும் நோயில்லாமல் பழுதான மரபணுவை மட்டும் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மருமகளைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை, பாதி மகன் வழி வந்தது.

ஆகவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். கருவில் சோதனை செய்வதானால், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பக்கவிளைவுகளை விளக்கி, கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கி, அதன் நகலை அவரிடமே தர வேண்டும். ஆணா பெண்ணா என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு: ‘மரபணு நோய்’ என்ற ஒரே காரணத்தைக் காட்டி மொத்தமாக விலக்கும் விதியைப் பாலிசியில் வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் சொல்லிவிட்டது. காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பின் சில நோய்களுக்குக் கிளைம் கிடைக்காத ஆரம்பக் காலம்) வேறு விஷயம், அது பொருந்தும். கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.