நீளாமலே நீளும் செயின்

காலையில் முதல் ஸ்டார்ட். சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதுபோல. இரண்டு வினாடிதான். அப்புறம் எதுவுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடும். ஆறு மாதம் இதைக் கேட்டும் கேட்காதவன்போல இருந்தேன். இரண்டு வினாடி நான்காகி, நான்கு ஆறான பிறகுதான் பானெட்டைத் திறந்தேன்.

பழைய எஞ்சின்களில் இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் டைமிங் செயின்தான் காரணம். எஞ்சினுக்குள் கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் இணைத்துச் சேர்ந்து சுற்றவைப்பது அது. கீழே கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. மேலே கேம் ஷாஃப்ட், தன் முட்டை வடிவ மேடுகளால் வால்வுகளை அழுத்தித் திறக்கிறது. உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது என்ற நான்கு வேலையும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கேம் சரிபாதி வேகத்தில் சுற்றுகிறது. செயின் மாட்டும் பல்சக்கரத்துக்கு ஸ்ப்ராக்கெட் என்று பெயர். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் என்றால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் 40. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

பல எஞ்சின்களில் வால்வு திறந்து இறங்கும் இடமும் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடமும் ஒன்றேதான். ஒரே அறையில் பகல் ஷிஃப்ட்காரரும் இரவு ஷிஃப்ட்காரரும் மாறி மாறித் தங்குவதுபோல, வெவ்வேறு நேரத்தில் வந்துபோவதால் முட்டிக்கொள்வதில்லை. அந்த முறையைக் காப்பது செயின். அது அறுந்தாலோ, சில பல்கள் தாவிவிட்டாலோ பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும். என் எஞ்சின் இந்த மோதும் வகை.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். கேட்பவர் மனதில் இரும்பு ரப்பர்போல இழுபடும் காட்சி வரும். அப்படி எதுவும் நடப்பதில்லை. இந்த ரோலர் வகைச் செயினை முதலில் செய்தவர் ஹான்ஸ் ரெனால்ட், 1880இல், மான்செஸ்டரில். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் உருளும் ரோலர் என்ற அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டு மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடங்கலிலும் பின் புஷ்ஷுக்குள் உரசுகிறது. நடுவில் ஆயில் படலம் இருந்தாலும், அந்த ஆயிலில் மிதக்கும் கரியும் உலோகத் துகளும் மெல்லிய அரம்போல வேலை செய்கின்றன. ஆயிலை மாற்றாமல் இழுத்தடித்தால் அரத்துக்குப் பல் கூடும், அவ்வளவுதான். இரும்புத் தட்டுகளின் நீளம் அப்படியே இருக்கும். மூட்டுகள்தான் தேயும்.

தேய்மானத்தின் அளவைப் பார்த்தால் நம்ப முடியாது. 114 லிங்க் உள்ள செயின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 9.525 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டும் 0.035 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் பருமனைவிடக் குறைவாகத்தான் தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். தனி மூட்டைக் கையில் ஆட்டிப்பார்த்தால் ஒன்றும் தெரியாது. 114 மூட்டையும் கூட்டினால் 4 மில்லிமீட்டர். அந்த 4 மில்லிமீட்டரும் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

செயினுக்கு இரண்டு பக்கம். கிராங்க் இழுக்கும் பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும். எதிர்ப்பக்கம் தளர்வு. தளர்ந்த பக்கத்தில்தான் டென்ஷனர் உட்கார்ந்து, ஸ்பிரிங்காலும் ஆயில் அழுத்தத்தாலும் செயின் உரசி ஓடும் பட்டையான ஒரு கைடைத் தள்ளித் தொய்வை எடுக்கிறது. இரவு முழுக்க வண்டி நிற்கும்போது டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் உறையில் அடித்துக்கொள்ளும். நான் கேட்ட ஆணிச் சத்தம் அதுதான். ஆயில் வந்ததும் டென்ஷனர் நீண்டு தொய்வை விழுங்கிவிடும். நாமும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவோம்.

ஆனால் விறைப்பான பக்கத்தின் தேய்மானத்தை டென்ஷனரால் தொடக்கூட முடியாது. அந்தப் பக்கம் சுமார் 42 லிங்க். ஆளுக்கு 0.035 என்றால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கிராங்க் சரியான இடத்தில் இருக்கும்போது கேம் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் பின்தங்கி நிற்கும். 40 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் சுமார் 60 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் கேமில் 1.4 டிகிரி, கிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட 3 டிகிரி தாமதம். வால்வுகள் எல்லாமே தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் மறுபடி வெளியேறிவிடுவதால் குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். பல வருடத்தில் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

சில எஞ்சின்களில் ஒன்றுக்கு மேற்பட்ட செயின் உண்டு. 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில் கிராங்கிலிருந்து நடு ஸ்ப்ராக்கெட் வரை ஒன்று, அங்கிருந்து மேலே இரண்டு கேமுக்கும் இன்னொன்று. அப்படிப்பட்டவற்றில் கீழ்ச் செயினின் தாமதமும் மேல் செயினின் தாமதமும் கூடும். ஒன்றை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாம் கழற்றுவது பொறுமை கேட்கும் வேலை, அறிவு கேட்பதில்லை. முதல் தடை கிராங்க் புல்லி போல்ட். 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கப்பட்டிருப்பது சாதாரணம். ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் 20 கிலோ தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. இருபது வருடத் துருவும் சேர்ந்தால் இன்னும் அதிகம். புல்லி திரும்பாமல் பிடிக்க அதற்கான ஹோல்டர் வாங்கிவிடுங்கள். கம்பியைத் திணித்துப் பிடிக்கலாம் என்று நினைத்து நான் புல்லியின் விளிம்பைச் சேதப்படுத்தியதுதான் மிச்சம். சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவிக்கட்டையே (தண்டின்மேல் நழுவாமல் பூட்டும் சிறு துண்டு) கிடையாது, இந்த போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அவற்றில் போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று மேனுவலில் பார்க்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் முதல் சிலிண்டரை டாப்பில் வைக்க வேண்டும், அதாவது பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சியில். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர் உள்ள எஞ்சினில், உச்சியைத் தாண்டிக் கிராங்க் 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோலத் தோன்றுமே, அதே கதை. நாம் துரத்துவதே 3 டிகிரிப் பிழையை, அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நம்பகமான வழி, உச்சியைத் தேடாமல் இருப்பது. பிளக் ஓட்டையில் ஒரு தடையைத் திருகிப் பொருத்தி, கிராங்கை ஒரு திசையில் கையால் மெதுவாகத் திருப்பி பிஸ்டன் அதில் முட்டும் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுதிசையிலும் அப்படியே. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டாப். செயின் மாட்டியிருக்கும்போது பின்னோக்கித் திருப்பினால் விறைப்பான பக்கம் தளர்ந்து பல் தாவும் அபாயம் உண்டு. இந்தச் சோதனையிலோ மறுபக்கத்தை அடையப் பின்னோக்கி ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று போயே ஆக வேண்டும். முன்னோக்கியே போய் அடையும் குறுக்கு வழி கிடையாது, தடை விடாது. தளர்ந்த செயினோடு இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் புல்லியில் உள்ள குறியை நம்புங்கள்.

எஞ்சினின் நான்கு வேலையும் முடிவதற்குள் டாப் இரண்டு முறை வரும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருந்தால்தான் அது அழுத்தும் டாப். வால்வு கவரைத் திறந்து கேம் மேடுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

செயினைக் கழற்றிய பிறகு கிராங்கையோ கேமையோ திருப்பக்கூடாது. கேம் தானாகவே திரும்பப் பார்க்கும், வால்வு ஸ்பிரிங்குகள் அதைத் தள்ளும். கேமைப் பிடித்துவைக்கும் பூட்டு இல்லாமல் விட்டால் ‘டக்’கென்று ஒரு துள்ளல், அவ்வளவுதான்.

உள்ளே என் டென்ஷனர் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் வெளியே வந்து நின்றது. அதைப் பின்வாங்காமல் பிடிக்கும் பல்வரிசையான ராட்செட்டில் எத்தனை பல் வெளியே தெரிகிறது என்பதே செயினின் தேய்மானத்தைச் சொல்லும் அளவுகோல். ஒரு பிளாஸ்டிக் கைடின் நுனியைக் காணவில்லை. சூட்டில் வருடக்கணக்காக வெந்து மொறுமொறுப்பாகி உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு எங்கே? எஞ்சினின் அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினேன். ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சம்ப்பைத் தொடாமல் மூடியிருந்தால், புது டென்ஷனருக்குப் போக வேண்டிய ஆயிலையே அது அடைத்திருக்கும்.

பழைய செயினையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பழையது 2 மில்லிமீட்டர் கீழே தொங்கியது. வளையமாகத் தொங்குவதால் கண்ணுக்குத் தெரிவது பாதிதான், உண்மையில் 4. அப்புறம் இரண்டையும் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரு முனையில் பிடித்தேன். புதியது ஓரளவு நேராக நின்றது, பழையது வில்லாக வளைந்து சரிந்தது. ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த செயின் பல்லின் நுனியை நோக்கி ஏறி ஓடி அதைக் கொக்கிபோல ஆக்கியிருக்கும். புதுச் செயினை அதில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும்.

மாட்டும்போது புதுச் செயினின் நிறமிட்ட லிங்க்குகள் ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருந்த வேண்டும். பொருந்தின. டென்ஷனரின் பூட்டை விடுவித்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கை ஸ்பானரால் மெதுவாக இரண்டு சுற்று திருப்பினேன். எங்காவது கெட்டியாக முட்டினால் நிறுத்திவிட வேண்டும், பலத்தைக் காட்டக்கூடாது. முட்டவில்லை. ஆனால் குனிந்து பார்த்தால் நிறமிட்ட லிங்க்குகள் குறிகளை விட்டு எங்கோ போயிருந்தன! வயிற்றைக் கலக்கியது. கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. கிராங்க் இரண்டு சுற்றில் நகர்வது 40 பல். செயினில் இருப்பது 114 லிங்க். அது எப்படி அதே இடத்துக்கு வரும்? 114, 20, 40 மூன்றுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு 2280. அதாவது கிராங்க் 114 சுற்று சுற்றினால்தான் நிறமும் குறியும் மறுபடி சந்திக்கும். ஒரே லிங்க் திரும்பத் திரும்ப ஒரே பல்லில் உட்காராமல் தேய்மானம் பரவவும் இது உதவுகிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியது கிராங்க் குறியையும் கேம் குறியையும் மட்டும்தான். அவை இரண்டும் அச்சாக நின்றன. ஒரு பல் தவறியிருந்தாலும் கேம் 9 டிகிரி விலகியிருக்கும், கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

கவரை மூடும்போது சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கும் பசையும் கடைசியில் அதே உறிஞ்சு வலைக்குத்தான் போகும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எரிபொருளையும் பற்றவைப்பையும் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டேன். பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஒரு வினாடி கலகலத்தது, அப்புறம் அமைதி. மறுநாள் காலையில் அந்த ஒரு வினாடியும் இல்லை.

ஆனால் ஏற்றத்தில் அழுத்தியபோது எஞ்சின் ‘கிணுகிணு’ என்று தட்டியது. தீப்பொறி விழும் கணத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். தீப்பொறி மேனுவலில் சொன்னதைவிட 3 டிகிரி முந்தி விழுந்துகொண்டிருந்தது. இந்த எஞ்சினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்தான். செயின் தேயத் தேயத் தீப்பொறியும் தாமதமாகியிருக்கிறது. எப்போதோ யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அதை ஈடுகட்டியிருக்கிறார்கள். புதுச் செயின் கேமை அதன் இடத்துக்குக் கொண்டுவந்ததும் அந்த ஈடு மட்டும் மிச்சமாக நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, உடலை ஒன்றரை டிகிரி திருப்பி, மறுபடி இறுக்கினேன்.